வெளிநாட்டுச் சதுரங்கப் போட்டிக்குச் சேர்ந்து போகும் பிள்ளைகள்: பயணச் செலவைப் பங்கிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு, இந்தப் பக்கம் பொள்ளாச்சி, கோயம்புத்தூர் என்று எல்லையின் இரு புறமும் உள்ள வீடுகள் சேர்ந்து பிள்ளைகளை வெளிநாட்டு வயதுப்பிரிவுப் போட்டிகளுக்கு அனுப்புவது உண்டு. ஒரே பயிற்சியாளர், ஒரே விமானம், ஒரே வண்டி. பிள்ளை ஒன்று கேரளச் சங்கத்தில் இருக்கும், இன்னொன்று தமிழ்நாட்டுச் சங்கத்தில். அப்படிப்பட்ட குழுக்களுக்காக இதை எழுதுகிறோம். கீழே வரும் தொகைகள் கணக்கு புரிவதற்கு வைத்தவைதான். அன்றைய விலையைப் போட்டுப் பாருங்கள், முறை அதேதான்.

மொத்தச் செலவைக் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துவிட்டால் போதாதா?

போதாது. சமமாக வகுப்பது சுலபம், ஆனால் அதில் யாராவது ஒருவர் இன்னொருவருடைய செலவைச் சுமப்பார். எல்லாச் செலவையும் மூன்று குவியலாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் குவியல் தனிச்செலவு: பாஸ்போர்ட், விசா, காப்பீடு, போட்டி நுழைவுக் கட்டணம், சொந்த விமான டிக்கெட், வாங்கும் பொருட்கள். இதை அந்தந்த வீடே கட்ட வேண்டும், குழுக் கணக்கில் வரவே கூடாது. இரண்டாவது, ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் மாறாத பொதுச்செலவு: பயிற்சியாளரின் டிக்கெட், அறை, சம்பளம், பொதுவாக எடுக்கும் வண்டி. இது பிள்ளைக் கணக்கில் பிரியும். மூன்றாவது, ஆளுக்கு ஆள் பயன்பாடு மாறும் செலவு: அறை, சாப்பாடு, பாதி வழியில் ஏறுபவர்களின் வண்டி வாடகை. யார் எவ்வளவு பயன்படுத்தினார்களோ அந்த அளவில் இது பிரியும். தகராறு பெரும்பாலும் இந்த மூன்றாவது குவியலில்தான் வரும், ஏனென்றால் அதைச் சிலர் முதல் குவியலாகவும் சிலர் இரண்டாவதாகவும் மனதில் வைத்திருப்பார்கள்.

இதையெல்லாம் எப்போது பேசி முடிக்க வேண்டும்?

முதல் டிக்கெட் எடுப்பதற்கு முன். பணம் கட்டிய பிறகு எந்த விதியைச் சொன்னாலும் அது யாருக்கோ சாதகமாகத்தான் தெரியும். அரைப் பக்கம் எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டு ஒவ்வொரு வீட்டாரிடமும் ‘சம்மதம்’ என்று பதில் வாங்குங்கள். அதில் இருக்க வேண்டியவை: யார் யார் போகிறார்கள், உறுதி சொல்லக் கடைசி நாள், அந்த நாளுக்குப் பிறகு விலகினால் என்ன, பயிற்சியாளருக்கு மொத்தம் எவ்வளவு, கணக்கு எழுதுபவர் யார், சரிபார்ப்பவர் யார், திரும்பி வந்து எத்தனை நாளில் கணக்கு முடிப்பது. எழுதுபவரும் சரிபார்ப்பவரும் வேறு வேறு வீடாக இருப்பது நல்லது.

ஒரு பிள்ளைக்கு மட்டும் அறையும் சாப்பாடும் இலவசம். அந்த லாபத்தைக் குழு பகிர்ந்துகொள்ளலாமா?

கூடாது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான பிடே நடத்தும் உலகப் போட்டிகளில் 8, 10, 12 வயதுக்கு உட்பட்டோர் ‘கேடட்’ பிரிவிலும், 14, 16, 18 வயதுக்கு உட்பட்டோர் ‘யூத்’ பிரிவிலும் ஆடுகிறார்கள். ஒரு நாட்டுக்கு ஒரு பிரிவில் ஓர் அதிகாரபூர்வ ஆட்டக்காரருக்குத் தங்குமிடமும் உணவும் அமைப்பாளர் பொறுப்பு. கூடுதல் ஆட்டக்காரர்களாகப் போகும் மற்றவர்கள் முழுச் செலவையும் கட்ட வேண்டும். அந்த இலவச இடம் அந்தப் பிள்ளை பலகையில் ஆடிச் சம்பாதித்தது.

சிக்கல் வருவது அடுத்த படியில். இலவச இடம் என்பது பெரும்பாலும் இரட்டை அறையில் ஒரு கட்டில். அதே அறையில் அம்மா தங்க விரும்பினால் உடன் வருபவருக்கான கட்டணத்தை அந்த வீடு தனியாகக் கட்ட வேண்டும். மறுபுறம், தங்குமிடம் இலவசம் என்பதற்காக அந்தப் பிள்ளைக்குப் பயிற்சியாளர் பங்கில் சலுகை கேட்பதும் சரியில்லை. பயிற்சியாளர் அவளுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே மாதிரிதான் உழைக்கிறார்.

விமான டிக்கெட்டை எல்லாருக்கும் ஒரே தடவையில் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் முதலில் ஒரு டிக்கெட்டுக்குத் தேடி விலையைப் பாருங்கள். விமான நிறுவனங்கள் ஒரே வகுப்பு இருக்கைகளைப் பல விலைத் தட்டுகளாக வைத்திருக்கின்றன. குறைந்த தட்டில் 4 இருக்கைதான் மிச்சம் என்ற நிலையில் நீங்கள் 6 பேருக்குத் தேடினால், கணினி ஆறையும் ஒரே தட்டில் தேடி அடுத்த, கூடிய விலையைத்தான் காட்டும். 42,000 ரூபாய்க்கு 4 இருக்கை, அடுத்த தட்டு 47,000 என்று வையுங்கள். ஆறு பேருக்கும் சேர்த்துத் தேடினால் 2,82,000. நான்கு, இரண்டு என்று பிரித்து எடுத்தால் 1,68,000 + 94,000 = 2,62,000. ஒரே விமானத்தில் 20,000 ரூபாய் மிச்சம்.

டிக்கெட் தனிச்செலவு என்றாலும் இப்படிப் பிரித்து எடுக்கும்போது சராசரி போட வேண்டும், தலைக்கு 43,667. இல்லாவிட்டால் குறைந்த தட்டில் யார் பெயர் போனது என்று பேச்சு வரும். ஆனால் இந்தச் சராசரி, குறித்த நாளுக்குள் உறுதி சொன்னவர்களுக்கு மட்டும். பத்து நாள் யோசித்துவிட்டுப் பிறகு வருபவர் அன்றைய விலையைத் தானே கட்டட்டும். தாமதத்தின் விலையை முன்னால் வந்தவர்கள் மேல் போடுவது அநியாயம்.

பிரித்து எடுப்பதில் இரண்டு கவனம். ஒவ்வொரு பிஎன்ஆரிலும் (முன்பதிவு எண்) ஒரு பெரியவர் இருக்க வேண்டும். பிள்ளைகள் மட்டும் உள்ள பிஎன்ஆரைப் பல நிறுவனங்கள் இணையத்தில் ஏற்பதில்லை. விமானம் தாமதமாகி இணைப்பு விமானம் தவறினால் இரண்டு பிஎன்ஆரையும் வேறு வேறு விமானத்தில் மாற்றிவிட வாய்ப்பு உண்டு. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, சேர்ந்து பயணிப்பவர்கள் என்று குறிப்புச் சேர்க்கச் சொல்லுங்கள். 10 பேர் அல்லது அதற்கு மேல் என்றால் குழுக் கட்டணம் கேட்டுப் பார்க்கலாம். பெயர்களைப் பிறகு தரலாம் என்பது அதன் வசதி. விலை எப்போதும் குறைவாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

12 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு டிக்கெட் விலை குறைவு. அதையும் சராசரியில் சேர்ப்பதா?

வேண்டாம். வயதுச் சலுகை அந்தப் பிள்ளையுடையது. ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவும் அப்படித்தான்: 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. பெரியவர்கள் டிக்கெட்டைத் தனியாகச் சராசரி போடுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து கிளம்புவதா, கொச்சி விமான நிலையம் உள்ள நெடும்பாசேரியிலிருந்தா? ஒவ்வொரு வீடும் ஒன்று சொல்கிறது.

டிக்கெட் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் எல்லா வீட்டுச் சாலைச் செலவையும் சேர்த்த மொத்தத்தைப் பாருங்கள். எந்த மொத்தம் குறைவோ அங்கிருந்து கிளம்புங்கள். அதனால் கூடுதலாகச் செலவாகும் வீட்டுக்கு, மிச்சப்பட்ட பணத்திலிருந்து முதலில் ஈடு கொடுங்கள்.

எடுத்துக்காட்டாக, நெடும்பாசேரியில் இருக்கைக்கு 4,000 ரூபாய் குறைவு, 8 பேர் போகிறார்கள், மிச்சம் 32,000. பொள்ளாச்சி வீட்டுக்கு கோயம்புத்தூர் பக்கம். நெடும்பாசேரி போக அவர்களுக்கு மட்டும் 5,000 கூடுதல். அந்த 5,000-ஐ அவர்களுக்குக் கொடுத்துவிட்டால் 27,000 மீதி, தலைக்கு 3,375 ரூபாய். பொள்ளாச்சி வீட்டுக்கும் அந்த 3,375 உண்டு. இந்த ஈட்டைத் தராமல் ‘எல்லாருக்கும் நல்லதுதானே’ என்று சொன்னால், அவர்களுடைய செலவில் மற்றவர்கள் சேமிப்பதாக ஆகிவிடும்.

ஒரே வண்டி, ஆனால் ஏறும் இடம் வேறு வேறு. வாடகையை எப்படிப் பிரிப்பது?

வழியைத் துண்டு துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டின் வாடகையையும் அந்தத் துண்டில் வண்டிக்குள் இருப்பவர்கள் மட்டும் பகிர வேண்டும். இது விமான ஓடுபாதைச் செலவைச் சிறிய, பெரிய விமானங்களிடையே பங்கிடப் பொருளியலார் 1970-களில் வகுத்த அதே முறை: சிறிய விமானத்துக்குத் தேவையான நீளத்தை எல்லாரும் பகிர்வார்கள், அதற்கு மேல் நீளும் பகுதியை அது தேவைப்படும் பெரிய விமானங்கள் மட்டும்.

கொழிஞ்சாம்பாறையில் ஒரு வீடு ஏறுகிறது, சித்தூரில் ஒரு வீடு, பாலக்காட்டில் இரண்டு வீடுகள். வீட்டுக்கு இரண்டு பேர். நெடும்பாசேரி வரை மொத்தம் 7,200 ரூபாய் என்று கொள்வோம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து சித்தூர் வரை 600, சித்தூரிலிருந்து பாலக்காடு வரை 900, பாலக்காட்டிலிருந்து விமான நிலையம் வரை 5,700. கடைசித் துண்டுக்கு நான்கு வீடும் 1,425 வீதம். நடுத்துண்டுக்கு முதல் இரண்டு வீடும் 450 வீதம். முதல் துண்டு முழுவதும் கொழிஞ்சாம்பாறை வீட்டுக்கு. ஆக, கொழிஞ்சாம்பாறை 2,475, சித்தூர் 1,875, பாலக்காட்டு வீடுகள் 1,425 வீதம். சமமாக வகுத்திருந்தால் வீட்டுக்கு 1,800 ஆகியிருக்கும். பாலக்காட்டு வீடுகள் தாங்கள் உட்காராத தூரத்துக்கு 375 ரூபாய் வீதம் கட்டியிருக்கும்.

வண்டி பாலக்காட்டிலிருந்து காலியாகக் கொழிஞ்சாம்பாறை வந்து ஏற்றிக்கொண்டு போகிறது என்றால், காலி ஓட்டத்தையும் அதே துண்டுகளில் சேர்க்க வேண்டும். அந்தத் தொகையைப் பார்த்தபின் கொழிஞ்சாம்பாறை வீடு ஆட்டோவிலோ உறவினர் காரிலோ பாலக்காடு வந்து ஏறுவது மலிவா என்று தாங்களே முடிவு செய்யட்டும்.

டோல் தனி. வாளையாறுப் பக்கம் பாம்பாம்பள்ளம், திருச்சூர் வழியில் பன்னியங்கரை, பாலியேக்கரை என்று எந்தெந்த டோல் வரும் என்பதையும், திரும்பும் டோல் யார் தலையில் என்பதையும் வாடகை பேசும்போதே கேளுங்கள். தமிழ்நாட்டுப் பதிவு வண்டி கேரளத்துக்குள்ளோ, கேரளப் பதிவு வண்டி தமிழ்நாட்டுக்குள்ளோ வந்தால் பர்மிட் வரிச் செலவு உண்டா, அது வாடகைக்குள் அடங்குமா என்பதும் முக்கியம். சோதனைச் சாவடியில் நின்று ஓட்டுநரும் பெற்றோரும் வாதாடிக்கொண்டிருந்தால் செக்-இன் மூடிவிடும். வெள்ளைப் பலகை வண்டியை (வாடகைக்கு ஓட்ட அனுமதி இல்லாத சொந்த வண்டி) வாடகைக்கு எடுக்காதீர்கள். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும்.

அறை வாடகையில் ஒற்றைப்படை ஆட்கள் வந்தால்?

போட்டி அமைப்பாளர் தரும் விலை பொதுவாக ஆளுக்கு, நாளுக்கு, மூன்று வேளை உணவோடு இருக்கும். இருவர் அறையில் ஆளுக்கு 75 யூரோ, தனி அறை 100, மூவர் அறையில் ஆளுக்கு 65 என்று எடுத்துக்கொள்வோம். 5 பேர் இருந்தால் இரண்டு இரட்டை அறையும் ஒரு தனி அறையும் 400 யூரோ. ஒரு மூவர் அறையும் ஒரு இரட்டை அறையும் 345 யூரோ. இரண்டாவதே மலிவு.

தனி அறையை ஒருவர் தம் வசதிக்காகக் கேட்டால் அதிகப்படியான 25 யூரோ அவருடையது. ஆள் எண்ணிக்கை அப்படி அமைந்துவிட்டதால் ஒருவர் தனியாகத் தங்க நேர்ந்தால் ஐந்து பேரும் 80 வீதம் கட்ட வேண்டும். குழுவில் ஒரே ஒரு பெண்பிள்ளை இருந்து, அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் தனியாக ஓர் அறை வேண்டியிருப்பதால் மற்றவர்களின் அறைக் கணக்கு கலைந்தாலும் அந்தக் கூடுதல் மொத்தக் குழுவுடையது. பெண்பிள்ளையை அனுப்புவதற்கு ஒரு வீடு அபராதம் கட்டுகிற நிலை வரக் கூடாது.

வெளியே மலிவாக அபார்ட்மென்ட் எடுக்கலாமே என்று யோசிப்பவர்கள் முதலில் விதிமுறைக் கடிதத்தைப் படியுங்கள். பல போட்டிகளில் அதிகாரபூர்வ ஓட்டலில்தான் தங்க வேண்டும். முன்பதிவுக் கடைசித் தேதி தாண்டினால் கூடுதல் கட்டணமும் உண்டு. அந்தக் கூடுதல், தாமதித்த வீட்டுக்கு.

பயிற்சியாளர் செலவைச் சமமாகப் பிரிப்பதா, பயிற்சி நேரத்தைப் பார்த்துப் பிரிப்பதா?

சமமாக. ஆனால் நேரமும் சமம் என்று எழுதி வைத்த பிறகு.

இந்தக் கேள்விதான் குழுக்களை உடைக்கிறது, அதனால் விரிவாகச் சொல்கிறோம். உலக இளையோர் போட்டிகள் வழக்கமாக 11 சுற்று. ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றின் ஜோடிப் பட்டியல் இரவில் வரும். எதிராளி யார் என்று தெரிந்த பிறகே தொடக்க ஆட்டத் தயாரிப்பு. அந்தக் குறுகிய நேரத்தில் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் பயிற்சியாளர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிடுவார். பதக்க வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது என்ற நினைப்பு. இரண்டு ஆட்டம் தோற்ற பிள்ளைக்குப் பத்து நிமிடம். உண்மையில் அந்த இரவில் பயிற்சியாளர் அதிகம் தேவைப்படுவது தோற்ற பிள்ளைக்கு.

அதனால் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: ஒவ்வொரு பிள்ளைக்கும் நாளுக்குக் குறைந்தது 45 நிமிடம். நான்கு பிள்ளைக்கு 3 மணி நேரம், ஒருவரால் செய்யக்கூடியது. ஐந்தாவது பிள்ளை சேர்ந்தால் 3 மணி 45 நிமிடம். ஆட்டத்துக்குப் பிந்தைய அலசலும் சேர்ந்தால் அவர் தூங்குவதே கடினம். பங்கு குறைகிறதே என்று ஆறாவது, ஏழாவது பிள்ளையைச் சேர்ப்பது மலிவான ஏமாற்றம். அந்த 45 நிமிடத்துக்கு மேல் ஒரு வீடு தனி நேரம் கேட்டால் அதற்குத் தனிச் சம்பளம், அதுவும் மற்றவர்கள் நேரம் முடிந்த பிறகு.

பயிற்சியாளர் செலவு இப்படி என்று வையுங்கள்: டிக்கெட் 48,000, விசாவும் காப்பீடும் 13,000, தங்கலும் உணவும் 84,000, நாளுக்கு 4,000 வீதம் 12 நாள் சம்பளம் 48,000, மொத்தம் 1,93,000. நான்கு பிள்ளைக்கு 48,250 வீதம். பயண நாட்களுக்குச் சம்பளம் உண்டா, ஓய்வு நாளுக்கு உண்டா என்பதை முன்பே பேசுங்கள். உண்டு என்பதே எங்கள் கருத்து. அந்த நாட்களிலும் அவர் பிள்ளைகள் பொறுப்பில்தான் இருக்கிறார். அண்ணன் தங்கை இருவரும் ஆடினால் இரண்டு பங்கு, ஏனென்றால் நேரமும் இரண்டு மடங்கு.

ஒரே அம்மா மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். அவர் செலவு யாருக்கு?

அவருடைய டிக்கெட், விசா, அறை, சாப்பாடு நான்கையும் சேர்த்து, அவர் பிள்ளை உட்பட மூன்று பிள்ளைக்கும் சமமாகப் பிரியுங்கள். ‘அவர் எப்படியும் தன் பிள்ளையோடு போவார்தானே’ என்று சிலர் சொல்வார்கள். போவார், ஆனால் மூன்று பிள்ளைக்கு மாத்திரை கொடுத்து, துணி துவைத்து, அரங்கு வாசலில் நிற்பது வேறு வேலை. அவருக்குச் சம்பளம் கொடுக்க நம் வீடுகளில் யாரும் முன்வருவதுமில்லை, அவர் வாங்குவதுமில்லை. செலவையாவது பகிர வேண்டும்.

மற்ற இரு வீட்டாரும் தாய் தந்தை இருவர் கையெழுத்தோடு நோட்டரி சான்றிட்ட சம்மதக் கடிதமும், அவசரச் சிகிச்சைக்கு அனுமதிக் கடிதமும் கொடுக்க வேண்டும். விசா விண்ணப்பத்திலும் எல்லையிலும் கேட்பார்கள். ஆங்கிலத்தில் எழுதி மூன்று பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நேரத்தில் ஒரு வீடு விலகினால்?

மேலே சொன்ன 1,93,000-ஐ மூன்றாகப் பிரித்தால் 64,333. ஒரு வீடு விலகியதால் மற்ற மூன்று வீட்டுக்கும் 16,083 ரூபாய் வீதம் கூடுகிறது. இதைத் தாங்க எல்லா வீட்டாலும் முடியாது. ஆகவே உறுதி நாளுக்குப் பிறகு யார் விலகினாலும், காரணம் எதுவானாலும், பயிற்சியாளருக்காக ஏற்கெனவே கட்டிய, திரும்பக் கிடைக்காத தொகையில் தன் பங்கைக் கொடுக்க வேண்டும். இன்னும் கட்டாத தொகையில் அவருக்குப் பங்கில்லை. மாற்றாக வேறொரு பிள்ளை வந்துவிட்டால் விலகியவருக்கு முழுப் பொறுப்பும் நீங்கும்.

காய்ச்சல், குடும்பத்தில் மரணம் போன்றவற்றில் இப்படிக் கேட்கச் சங்கடமாக இருக்கும். அதற்காகவே தொடக்கத்தில் பங்குக்கு 3 சதவீதம் கூடுதலாக வாங்கி அவசர நிதி வைக்கலாம். யாரும் விலகாவிட்டால் கடைசியில் திரும்பிவிடும்.

விசா மறுப்பும் விலகல்தான். விசாக் கட்டணம் திரும்பாது. சாதாரணப் பயணக் காப்பீடு மருத்துவமனையில் சேர்ந்ததற்குப் பணம் தரும். விசா மறுப்புக்குத் தருமா என்று பாலிசியில் பாருங்கள், பெரும்பாலும் அது தனி இணைப்பு. ஷெங்கன் நாடுகளுக்குக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ இருக்க வேண்டும். திரும்பப் பெற முடியாத டிக்கெட்டை ரத்து செய்தாலும் இந்திய விமான நிறுவனங்களில் விமான நிலையக் கட்டணத்தையும் அரசு வரிகளையும் கேட்டு வாங்கலாம். பலர் இதைக் கேட்பதே இல்லை.

யூரோவில் கட்டியதை எந்த விலையில் ரூபாயாக்குவது?

வங்கிக் கணக்கில் உண்மையாகக் கழிந்த ரூபாயை எழுதுங்கள். கூகுள் காட்டும் விலையை எழுதினால் பணம் கட்டியவருக்கு நட்டம். பல கடன் அட்டைகள் அன்னியச் செலாவணிக்கு 3.5 சதவீதம் வரை கூடுதல் பிடிக்கும், அந்தக் கூடுதலின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சேர்த்தால் 4.13 சதவீதம், 10,000 ரூபாய்ப் பொருளுக்கு 10,413 போகும். ஓட்டலிலும் கடையிலும் கார்டு இயந்திரம் ‘ரூபாயில் கட்டவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று அந்நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அந்தக் கடைக்கார வங்கி தன் விலையைப் போட்டுவிடும்.

அமைப்பாளருக்கு வங்கி வழியாக அனுப்பும்போது இடைப்பட்ட வங்கிக் கட்டணத்தை யார் ஏற்பது என்று படிவத்தில் கேட்பார்கள். அனுப்புபவரே முழுவதும் ஏற்பதான ‘ஓயுஆர்’ என்பதைக் குறியுங்கள். பகிர்வது என்று குறித்தால் நடு வழியில் சில யூரோ கழிந்து, ‘பணம் குறைவாக வந்தது’ என்று அறை உறுதியாகாமல் நிற்கும்.

வசதிக்காக ஒரே அப்பா எல்லாருக்கும் கட்டிவிடலாமா?

ஓட்டல், நுழைவுக் கட்டணம் போன்றவற்றை அந்தந்த வீடே நேரடியாகக் கட்டுவது நல்லது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போதும் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு வாங்கும்போதும் டிசிஎஸ் என்ற வரிப் பிடித்தம் வரலாம். அது பணம் கட்டுபவரின் பான் எண்ணில் பதிவாகும். நான்கு வீட்டுப் பணம் ஒருவர் பான் எண்ணில் போனால் அவருடைய ஆண்டு வரம்பு விரைவில் நிரம்பும்; தம் கணக்கில் வந்து போன லட்சங்களுக்கு அவரே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒருவர் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த டிசிஎஸ் தொகையைக் குழுச் செலவாக எழுதாதீர்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அது அவருக்கே வரவாகிவிடும். மற்றவர்களிடமும் வாங்கினால் அவருக்கு இரண்டு தடவை வந்தது போலாகும்.

சாப்பாட்டுக் கணக்கு?

அமைப்பாளரின் மூன்று வேளை உணவு அறைக் கட்டணத்தோடு வந்துவிடும். ஆனாலும் மட்டை அரிசியும் பருப்பும் குக்கரும் எடுத்துப் போகும் குழுக்கள் அதிகம். சமைத்துச் சாப்பிடும் வீடுகள் மட்டும் தினமும் ஒரு சிறு தொகையைப் பொதுப் பையில் போடுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அரைப் பங்கா என்று கணக்குப் பார்க்க வேண்டாம். அந்த நாலு யூரோவுக்கு மனக்கசப்பு மிஞ்சும். ஓட்டலில் சாப்பிடுபவரிடம் அந்தப் பைக்குக் கேட்கக் கூடாது.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் பயணிகள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகத் தடை உண்டு. நெய், பால்கோவா எல்லாம் சுங்கத்தில் பறிபோகும். பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் போன்றவற்றை நெய் சேர்க்காமல் கட்டுங்கள். குக்கரும் அரிசியும் ஒருவர் பெட்டியில் ஏறி அவருக்கு அதிக எடைக் கட்டணம் வந்தால் அது சமையல் குழுவின் செலவு. அறையில் சமைக்க அனுமதி இல்லாத ஓட்டலில் புகை மணி அடித்து அபராதம் வந்தாலும் அப்படியே.

ஒரு பிள்ளைக்கு அரசு உதவி அல்லது ஸ்பான்சர் கிடைத்தால்?

அது அந்தப் பிள்ளையின் பங்கைக் கட்ட உதவும் பணம். குழுச் செலவிலிருந்து கழிக்கக் கூடாது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தையும், 2023-ல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையையும் அணுகலாம். கேரளப் பிள்ளைகள் கேரள மாநில ஸ்போர்ட்ஸ் கவுன்சிலை. எல்லை ஊர்க்காரர்கள், பிள்ளை எந்த மாநிலச் சங்கத்தில் பதிந்திருக்கிறதோ அந்த மாநிலத்தில் முதலில் விசாரியுங்கள்.

உதவி கேட்கப்போனால் ரசீது கேட்பார்கள். அதனால் டிக்கெட், அறை பில் இரண்டும் பிள்ளையின் பெயரில் தனியாக இருக்க வேண்டும்; குழுவுக்கு ஒரே பில் வாங்கினால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். டாக்சிக்காரர் மலையாளத்தில் ரசீது எழுதினாலும் தேதி, வண்டி எண், தொகை தெளிவாக இருக்கட்டும்.

குழுவுக்கு என்று ஒரு கடைக்காரரோ ஊர்ச் சங்கமோ கொடுத்த பணம் மட்டும் பொதுச்செலவில் கழியும். கொடுப்பவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள்: பிள்ளைக்கா, குழுவுக்கா?

ஒரு வீட்டால் முழுப் பங்கையும் கட்ட முடியவில்லை. என்ன செய்வது?

முதலில், பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் ‘இன்னும் கட்டாதவர்கள்’ பட்டியல் போடாதீர்கள். பிள்ளைகளும் அந்த போனைப் பார்க்கிறார்கள். கணக்குப் பார்ப்பவர் தனியாக அழைத்துப் பேசட்டும். தவணை கொடுக்கலாம். உதவ விரும்பும் வீடுகள் கணக்குப் பார்ப்பவரிடம் தனியாகக் கொடுக்கலாம். தாளில் அந்தப் பங்கு கட்டப்பட்டதாக மட்டும் இருக்கும், யார் கொடுத்தார் என்பது இருக்காது. அந்தப் பிள்ளையின் பயிற்சி நேரத்தையோ அறையையோ குறைத்துச் சரிக்கட்டும் யோசனைக்கு இடமே கொடுக்காதீர்கள். 45 நிமிடம் என்றால் அவனுக்கும் 45 நிமிடம்.

பரிசுப் பணம் வந்தால் அதைப் பொதுவில் போடலாமா?

இல்லை. அது பிள்ளையுடையது. தன் திறமையால் மைனர் பிள்ளை ஈட்டும் வருமானம் வரிக்கணக்கிலும் பெற்றோர் வருமானத்தோடு சேராது. பயிற்சியாளருக்குப் பரிசில் பங்கு என்று பேசியிருந்தால் அது அந்த வீட்டுக்கும் அவருக்கும் இடையில்.

தூரத்து ஊர்ப் பிள்ளைகள் மட்டும் அதிகம் செலவழிக்கிறார்கள். அமைப்பாளர் ஏதாவது செய்ய முடியுமா?

பயணச் செலவுச் சமன் நிதி வைக்கலாம். மூன்று அணி, அணிக்கு 5 பேர். பக்கத்து அணிக்குப் பயணம் 10,000, நடுவில் உள்ளதற்கு 40,000, தூரத்து அணிக்கு 70,000. மொத்தம் 1,20,000; 15 பேருக்கும் தலைக்கு 8,000. பக்கத்து அணிக்காரர் தலைக்கு 2,000 செலவழித்ததால் இன்னும் 6,000 நிதிக்குக் கட்ட வேண்டும். நடு அணிக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை. தூரத்து அணிக்காரர் 14,000 செலவழித்தார். 6,000 திரும்பப் பெறுவார்.

இதில் தவறு நடப்பது உண்மையான பில்லை அப்படியே எடுத்துக்கொள்வதால். மற்றவர்கள் பணம் என்றதும் விலை உயர்ந்த டிக்கெட் வரும். எனவே ஒவ்வொரு ஊரிலிருந்தும் மூன்றாம் ஏசி ரயில் கட்டணம், வெளிநாடென்றால் குறித்த ஒரு நாளின் குறைந்த எகானமி கட்டணம் என்று உச்சவரம்பை முதலில் அறிவித்துவிட வேண்டும். நுழைவுக் கட்டண அறிவிப்பிலேயே இதைச் சொல்லுங்கள். போட்டி முடிந்து பக்கத்து ஊர்க்காரரிடம் 6,000 கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

கடைசிக் கணக்கை முடிப்பது எப்படி?

கூகுள் ஷீட்டில் ஆறு பத்தி போதும்: தேதி, செலவு, யார் கட்டினார், ரூபாயில் எவ்வளவு, யார் யாருக்குப் பங்கு, ரசீதின் படம். எல்லா வீடும் பார்க்கலாம், இருவர் மட்டும் எழுதலாம். அன்றன்று இரவே எழுதிவிட வேண்டும். பத்து நாள் கழித்து வெப்பத்தாள் ரசீதில் எழுத்தே இருக்காது.

ஊர் திரும்பியதும் ஒவ்வொரு வீட்டுக்கும் கட்டிய தொகையிலிருந்து பங்குத் தொகையைக் கழியுங்கள். கூட்டல் வந்தால் வாங்க வேண்டியவர், கழித்தல் வந்தால் கொடுக்க வேண்டியவர். எல்லாருடைய மீதியையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வரவில்லை என்றால் ஏதோ ஒரு செலவின் பங்கில் ஆள் விட்டுப்போயிருக்கிறது. அதிகம் கொடுக்க வேண்டியவர் அதிகம் வாங்க வேண்டியவருக்கு நேராக அனுப்பட்டும், அப்போது நான்கு வீட்டுக் கணக்கு அதிகபட்சம் மூன்று பரிமாற்றத்தில் தீரும். யுபிஐயில் பொதுவான வரம்பு ஒரு லட்சம். அதற்கு மேல் என்றால் நெஃப்ட்.

கார்டில் கழிந்த சில தொகைகள் இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் இறுதி ரூபாயில் தெரியும். ஓட்டல் வைப்புத்தொகை திரும்ப வர இரண்டு வாரம்கூட ஆகலாம். ஆகவே வந்த ஏழாவது நாள் முதல் கணக்கு, இருபத்தொன்றாவது நாள் இறுதிக் கணக்கு என்று வையுங்கள். அவசர நிதியின் மீதியை அந்த இறுதி நாளில் பங்குக்கு ஏற்பத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த போட்டிக்கு இருக்கட்டும் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த தடவை போகும் பிள்ளைகள் வேறாக இருக்கலாம்.